முழங்கால் வீக்கம்: எந்தக் கால், எப்போது முதல்?

குற்றாலத்துப் பாறையில் வழுக்கி விழுந்தவருக்கும், பல ஆண்டுகள் தரையில் அமர்ந்து பீடி சுற்றிய தாய்க்கும் முழங்கால் வீங்கலாம். காரணம் வேறு. அதை முதலில் உணர்த்துவது காலக்கணக்கு. அடிபட்ட இரண்டு மணி நேரத்துக்குள் மூட்டு புடைத்தால் பெரும்பாலும் உள்ளே இரத்தம் தேங்கியிருக்கும், ‘ஜவ்வு’ கிழிந்திருக்கலாம். மறுநாள் மெல்ல வீங்கினால் மூட்டுநீர் மிகுதியாய்ச் சுரந்திருக்கலாம். காய்ச்சலும் சேர்ந்து, காலை அசைக்கவே இயலாவிடில் கிருமித்தொற்றோ என ஐயுற வேண்டும். அன்றே வாருங்கள், சில நாள் தாமதமும் குருத்தெலும்பை அழித்துவிடும்.

ஊசியால் நீர் எடுத்தால் மீண்டும் ஊறும் என அஞ்சி மறுப்போர் உண்டு. ஊறுவது நோயினால், ஊசியினால் அன்று. அந்நீரைச் சோதித்தே கிருமியா, யூரிக் அமிலப் படிகமா என அறிகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய்ப்பகுப்பில் மூட்டில் நீர் கோத்தலுக்குக் குறியீடு எம் 25.4. முழங்கால் மூட்டுத் தேய்மானமே காரணம் என உறுதியானால் எம் 17. இவ்விரண்டிலும் வலமா இடமா என்பது இல்லை. அதை மருத்துவக் குறிப்பே சொல்ல வேண்டும். வீடு திரும்புமுன் டிஸ்சார்ஜ் சீட்டில் எந்தக் கால் என்று எழுதப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்; இல்லையெனில் கேட்டு எழுதிப் பெறுங்கள். காரணம் தெரியும்வரை எண்ணெய் தேய்த்து நீவுதல் வேண்டாம்.