நண்பர்களுடன் வினாவிப் படிப்போம்

(பொது அறிவு – க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்கான பயிற்சி வழிகாட்டி)



நான் சாதாரண தரம் படித்த காலத்தில் மாலை வேளைகளில் நாங்கள் நான்கு பேர் இறக்கக்கண்டிப் பாலத்தருகே கூடுவோம். கையில் ஆளுக்கொரு கொப்பி இருக்கும். ஒருவர் வினாக் கேட்க, மற்ற மூவரும் விடை சொல்வோம். ஒரு நாள் "இலங்கையின் அதியுயர் நீர்வீழ்ச்சி எது?" என்ற வினா வந்தது. எங்களுள் உரத்துக் கதைப்பவன் "தியலும" என்றான். நான் என் கொப்பியில் "பம்பரகந்த" என்று எழுதியிருந்தேன். அவன் அத்தனை உறுதியாகச் சொன்னதால் நான் எழுதியதை வெட்டிவிட்டுத் தியலும என்று மாற்றினேன்.

அடுத்து வந்த தவணைப் பரீட்சையில் அதே வினா வந்தது. நான்கு பேரும் தியலும என்றே எழுதினோம். சரியான விடை பம்பரகந்த. அதன் உயரம் 263 மீற்றர். தியலும 220 மீற்றர்தான். புள்ளி போனது மட்டுமன்றி, ஒரே பிழையை நால்வரும் எழுதியிருந்ததால் "பார்த்து எழுதினீர்களா?" என்ற கேள்விக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அன்று எனக்கு இரண்டு விடயங்கள் விளங்கின. நண்பர்களுடன் வினாவிப் படித்தது மனதில் அழியாமல் நிற்கும். அதனாற்றான் அந்தப் பிழையும் அழியாமல் நின்றது. ஆகவே வினாவிப் படிக்கும் முறையைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். இப்பாடத்தின் நோக்கம் அதுவே.

1. வினாவிப் படிப்பதன் பயன்

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் இரவில் நொடி போட்டு விளையாடுவார்கள். விடை தெரியாதவர் உடனே விடையைக் கேட்கமாட்டார். சற்று நேரம் யோசிப்பார். அந்த யோசனைதான் பயிற்சி.

இதனை ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்துள்ளனர். அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகிய இருவரும் செய்த ஆய்வு 2006 ஆம் ஆண்டு வெளியானது. மாணவர்களுக்குச் சிறிய உரைப்பகுதி ஒன்று வாசிக்கக் கொடுக்கப்பட்டது. ஒரு முறை அதனை மீண்டும் வாசிக்கச் செய்தனர். மறு முறை புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதை எழுதச் செய்தனர். முடிவு பின்வருமாறு:

• 5 நிமிடத்தின் பின் – மீண்டும் வாசித்தபோது 81%, எழுதிப் பார்த்தபோது 75% நினைவில் இருந்தது.
• ஒரு வாரத்தின் பின் – மீண்டும் வாசித்தபோது 42%, எழுதிப் பார்த்தபோது 56% நினைவில் இருந்தது.

கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பவருக்கு அன்றைக்கு எல்லாம் தெரிவது போல இருக்கும். ஆனால் பரீட்சை அன்றைக்கு வருவதில்லை. நாட்கள் கடந்தே வருகிறது. நண்பன் வினாக் கேட்டு நீங்கள் மூளையைக் குடைந்து விடை தேடும் ஒவ்வொரு முறையும் அந்த விடை இன்னும் ஆழமாகப் பதிகிறது.

2. குழுவை நடத்தும் முறை

(அ) மூவர் முதல் ஐவர் வரை போதும். ஆட்கள் கூடினால் கதை கூடும்.

(ஆ) ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து 5 வினாக்கள் எழுதி வர வேண்டும். வினாவின் கீழே விடையும், எந்தப் பாடநூலின் எத்தனையாம் பக்கத்தில் அது உள்ளது என்பதும் இருக்க வேண்டும். வினா தயாரிப்பவருக்கே அதிக பயன் கிடைக்கிறது. பாடத்தை வாசித்து விளங்கினாலன்றி நல்ல வினா எழுத முடியாது.

(இ) வினாக் கேட்டவுடன் யாரும் வாய் திறக்கக் கூடாது. எல்லோரும் விடையைக் கொப்பியில் எழுதிய பின்னரே சொல்ல வேண்டும். இவ்விதியை மிக முக்கியமானதாகக் கொள்க. உரத்துச் சொல்பவரின் விடை மற்றவர்களின் விடையை அழித்துவிடும் என்பதற்கு நானே சாட்சி. அமைதியான பிள்ளைக்கும் இவ்விதியால் இடம் கிடைக்கும். எனது வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி இருந்தாள். எழுதும் முறை வந்த பின்னர்தான், அந்தக் குழுவிலே கூடுதலாகச் சரியான விடை எழுதுபவள் அவள்தான் என்பது எல்லோருக்கும் தெரிய வந்தது.

(ஈ) பிழை விட்டவரைக் கேலி செய்யக் கூடாது. கேலிக்குப் பயந்தவர் அடுத்த நாள் வரமாட்டார்.

(உ) பிழைத்த வினாக்களைத் தனிப் பக்கத்தில் குறித்து, மூன்று நாட்களின் பின் ஒரு முறையும் ஒரு வாரத்தின் பின் ஒரு முறையும் கேட்க வேண்டும்.

3. வினாக்களின் வகைகள்

நேர் வினா: ஒரு பெயர், ஆண்டு அல்லது இடத்தைக் கேட்பது. உதாரணம்: மகாவலி கங்கையின் நீளம் யாது? (335 கிலோமீற்றர்)

ஏமாற்று வினா: பலருக்கும் தெரிந்தது போல் தோன்றி, பிழையான விடைக்கு இழுத்துச் செல்வது. பல்தேர்வு வினாக்களில் நான்கு விடைகளுள் ஒன்று பெரும்பாலும் இவ்வாறான பொறியாகவே இருக்கும். உதாரணங்கள்:

• இலங்கையின் அதியுயர் மலை – பிதுருதாலகாலை (2524 மீற்றர்). பலர் சிவனொளிபாதமலை என்பர். அதன் உயரம் 2243 மீற்றர்.
• அவுஸ்திரேலியாவின் தலைநகர் – கன்பரா. பலர் சிட்னி என்பர்.

ஏன் வினா: காரணத்தைக் கேட்பது. நேர் வினாவுக்கு விடை கிடைத்தவுடன் அடுத்ததாக ஒரு "ஏன்?" கேட்க வேண்டும். காரணம் தெரிந்த செய்தி எளிதில் மறக்காது. ஒரு பாடத்தை இன்னொரு பாடத்துடன் இணைப்பதும் அதுவே.

4. ஒரு வினாவிலிருந்து பல வினாக்கள்

எமது கரையிலிருந்தே ஓர் உதாரணம் பார்ப்போம்.

வினா: 1782 ஆம் ஆண்டில், ஒரே ஆண்டில் இருமுறை கைமாறிய இலங்கைத் துறைமுகம் எது?
விடை: திருகோணமலை. ஜனவரியில் ஆங்கிலேயர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். ஓகஸ்டில் தளபதி சுஃப்ரனின் தலைமையில் வந்த பிரான்சியக் கடற்படை அதனை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியது.

ஏன்? ஒரு துறைமுகத்துக்காக இவ்வளவு போட்டி எதற்கு?
விடை: இந்தியாவின் சோழமண்டலக் கரையில் கப்பற்படைகள் ஒதுங்கி நிற்கத்தக்க பாதுகாப்பான இயற்கைத் துறைமுகம் இருக்கவில்லை. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கு கப்பல்கள் ஆபத்துக்குள்ளாயின. திருகோணமலையின் உட்துறைமுகமோ நிலத்தால் சூழப்பட்டது, ஆழமானது.

ஏன்? அந்த மாதங்களில் மட்டும் இக்கடல் கொந்தளிப்பது எதனால்?
விடை: வடகீழ்ப் பருவக்காற்று டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வங்காள விரிகுடாவைக் கடந்து நேரே கிழக்குக் கரையை வந்தடைகிறது. அதுவே நாம் சொல்லும் வாடைக்காற்று. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, எமது பக்கத்துக்கு வரண்ட கச்சான் காற்றாக வருகிறது. அக்காலத்தில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். மேற்குக் கரை மீனவர்கள் இக்காலத்தில் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வதும் இதனாற்றான்.

பாருங்கள். வரலாற்று வினா ஒன்றில் தொடங்கி, புவியியலைத் தொட்டு, உங்கள் வீட்டார் எப்போது கடலுக்குப் போகிறார்கள் என்பதில் வந்து நிற்கிறோம். பாடநூலில் நான்கு வரியாக இருப்பதை உங்கள் அப்பா, மாமாமார் அனுபவத்தால் அறிவர். அவர்களிடமும் வினாவுங்கள்.

5. விடையைச் சரிபார்த்தல்

1979 ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் கிறிஸ் ஹேனி, ஸ்கொட் அபொட் என்னும் இரு பத்திரிகையாளர்கள் 'ட்ரிவியல் பர்சூட்' என்ற பொது அறிவு விளையாட்டை உருவாக்கினர். அது உலகெங்கும் விற்பனையானது. அதில் ஒரு வினா, 'கொலம்போ' என்னும் தொலைக்காட்சித் தொடரில் வரும் துப்பறிவாளரின் முதற்பெயரைக் கேட்டது. விடையாக "பிலிப்" என்று அச்சிடப்பட்டிருந்தது.

உண்மையில் அப்பெயர் அந்தத் தொடரில் இல்லை. பிரெட் வேர்த் என்னும் நூலாசிரியர், தமது பொது அறிவு நூலிலிருந்து யாராவது எடுத்தாள்கிறார்களா என்று கண்டறிவதற்காக வேண்டுமென்றே புகுத்திய பொய் அது. அவர் 1984 இல் வழக்குத் தொடுத்தார். ஆனால் தகவல்கள் எவருக்கும் தனியுரிமையானவை அல்ல என்ற அடிப்படையில் வழக்குத் தோற்றது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? அச்சிலே இருப்பதும் பிழையாகலாம். ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம் எழுதப்பட்டால், இரண்டு புத்தகங்கள் சொல்வதும் ஒரே சான்றுதான். இன்று கைத்தொலைபேசியில் வரும் தகவல்களுக்கும் இது பொருந்தும். குழுவில் கருத்து வேறுபாடு வந்தால் கை உயர்த்தி வாக்கெடுக்க வேண்டாம், பாடநூலைத் திறவுங்கள். அதிலும் தெளிவில்லையெனில் வினாவின் பக்கத்தில் "ஆசிரியரிடம் கேட்க" என்று குறியுங்கள்.

6. புள்ளிக்கு அப்பால்

2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை எமது கரையையும் அழித்தது. அதன் வேதனையை உங்கள் வீட்டார் அறிவர்.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கட் தீவிலுள்ள மைகாவோ கடற்கரையில் டில்லி ஸ்மித் என்னும் 10 வயது பிரித்தானியச் சிறுமி பெற்றோருடன் நின்றாள். கடல் நுரைத்துக் குமிழியிடுவதைக் கண்டதும், இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்த ஆழிப்பேரலைப் பாடம் அவளுக்கு நினைவு வந்தது. விடாமல் பெற்றோரிடம் சொன்னாள். காவலர்களுக்கு அறிவிக்கப்பட்டுக் கடற்கரையில் நின்றவர்கள் அகற்றப்பட்டனர். அக்கடற்கரையில் ஒருவரும் இறக்கவில்லை.

இங்கும் ஒரு ஏமாற்று வினா உண்டு. "ஆழிப்பேரலைக்கு முன் கடல் எப்போதும் உள்வாங்குமா?" பலர் "ஆம்" என்பர். அது பிழை. அன்று தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. இலங்கையின் கிழக்குக் கரைக்கோ முதலில் வந்தது பெருகிய அலை. ஆகவே கடல் உள்வாங்கும்வரை காத்திருப்பது ஆபத்து. வலுவான நிலநடுக்கத்தை உணர்ந்தாலோ, கடலில் வழமைக்கு மாறான மாற்றத்தைக் கண்டாலோ, அறிவித்தல் கிடைத்தாலோ உடனே உயரமான இடத்துக்குச் செல்ல வேண்டும். அரைகுறை விடையால் பரீட்சையில் ஒரு புள்ளிதான் போகும். கடற்கரையில் அதனால் உயிரே போகலாம்.

7. பயிற்சி வினாக்கள்

விடைகளை மறைத்துவிட்டு எழுதுக. ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஏன்" வினாவை நீங்களே ஆக்குக.

1. மகாவலி கங்கை எக்குடாவில் கடலுடன் கலக்கிறது?
2. நிலாவெளிக்கு அப்பால் கடலிலுள்ள புறாமலை எந்த ஆண்டில் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது?
3. புல்மோட்டைக் கடற்கரை மணலில் உள்ள கனியங்கள் மூன்று தருக.
4. கொட்டியாரத்தில் சிறைப்பிடிக்கப்பட்டு ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் இருந்த ஆங்கிலேயர் யார்? அவரது நூல் வெளியான ஆண்டு யாது?
5. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய நாள் யாது?
6. ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையை மீண்டும் கைப்பற்றி நிலைகொண்ட ஆண்டு யாது?
7. கன்னியாவிலுள்ள வெந்நீர்க் கிணறுகள் எத்தனை?
8. இலங்கையின் பாராளுமன்றம் அமைந்துள்ள நகர் எது?

விடைகள்

1. கொட்டியாரக்குடா
2. 2003
3. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் (இல்மனைட்டிலிருந்து வெள்ளை நிறப்பூச்சுக்குரிய தைத்தேனியம் ஈரொட்சைட்டு பெறப்படுகிறது)
4. றொபேட் நொக்ஸ், 1681
5. 1942 ஏப்ரல் 9
6. 1795
7. ஏழு
8. ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை

நினைவிற் கொள்க

• முதலில் எழுதுக, பின்னர் சொல்லுக.
• விடையுடன் பக்க எண்ணையும் குறிக்க.
• ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஒரு "ஏன்?" கேட்க.
• பிழைத்ததை ஒரு வாரத்தின் பின் மீண்டும் கேட்க.

மாணவர்களே, பரீட்சை மண்டபத்தில் உங்கள் நண்பன் பக்கத்தில் இருக்கமாட்டான். ஆனால் அவன் கேட்ட வினாவும் நீங்கள் தேடிக் கண்ட விடையும் உங்களுடன் வரும். இன்றைக்கே 5 வினாக்கள் எழுதுங்கள். நாளை மாலை நண்பர்களைக் கூப்பிடுங்கள்.