உறுமலும் ஒரு மொழியே

நன்றியுள்ள விலங்கு எது என்று கேட்டால், சிறு குழந்தையும் நாய் என்றே சொல்லும். அதே நாய் ஒரு நாள் வீட்டுப் பிள்ளையைக் கடித்துவிட்டால், "இத்தனை நாள் சோறு போட்டும் நன்றி கெட்டுப் போயிற்றே" என்று மனம் நோகிறோம். தடி எடுத்து அடிக்கிறோம். தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுவாரும் உண்டு. ஏன் கடித்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அதனை விலங்கியல் நோக்கில் காண்போம்.

நாய் முன்னறிவிப்பின்றிக் கடிப்பது அரிது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாக்கால் மூக்கை நக்கும். வெள்ளை விழி தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும். பிறகு உடல் விறைத்து அசையாது நிற்கும். அப்போதும் எதிரில் இருப்பவர் விலகாவிட்டால் உறுமும், பல்லைக் காட்டும். இவை எவையும் பயன்படாதபோதே கடிக்கும். வாலாட்டுவது எப்போதும் மகிழ்ச்சியின் அடையாளம் அன்று. வாலை விறைப்பாக உயர்த்தி ஆட்டும் நாயை நெருங்கலாகாது.

உறுமியதற்காக நாயை அடிப்பதே நாம் செய்யும் பெரும் பிழை. அடிக்கு அஞ்சி நாய் உறுமுவதை நிறுத்தலாம்; உறுமச் செய்த அச்சமோ வலியோ நீங்குவதில்லை. அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கக்கூடும். அபாய மணியின் கயிற்றை அறுத்துவிட்டு, அபாயம் நீங்கியது என்று மகிழ்வதற்கு இது ஒப்பாகும்.

"நாயை அடக்கி, எசமானன் யார் என்று காட்ட வேண்டும்" என்பார் சிலர். 1947இல் ஷெங்கல் என்னும் அறிஞர் அடைபட்ட ஓநாய்களைக் கண்டு எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்த கருத்து இது. காட்டு ஓநாய்களை நெடுங்காலம் ஆராய்ந்த டேவிட் மெக், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பமே என்று 1999இல் விளக்கினார். ஆகவே, அடக்குமுறைக்கு ஓநாயைச் சான்று காட்டுவது பொருந்தாது.

நாய் சீறுவதற்கான காரணங்களுள் முக்கியமானவை நான்கு.

1. அச்சம்: நாய்க்குட்டி உலகோடு பழகும் பருவம் ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரை என்று ஸ்காட், ஃபுல்லர் ஆகியோர் 1965இல் வெளியிட்ட நூலில் காட்டினர். அப்பருவத்தில் பல மனிதரைக் காணாது வளர்ந்த நாய்க்குப் புதியவர் எல்லாரும் பகைவரே.

2. வலி: காதில் சீழ், பல்வலி, மூட்டு வீக்கம் ஆகியவை சாதுவான நாயையும் சீற வைக்கும்.

3. காத்தல்: சோற்றுத் தட்டு, எலும்பு, ஈன்ற குட்டி ஆகியவற்றைப் பிறர் பறிப்பரோ என்னும் கவலை.

4. கட்டுண்டு கிடத்தல்: நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாயால் அஞ்சும்போது ஓட இயலாது. எஞ்சிய வழி கடிப்பதே.

இதற்குப் பரிகாரம் என்ன? முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, நோய் உண்டா என அறிய வேண்டும். அடுத்தது, மணியோசையோடு உணவை இணைத்துப் பாவ்லோவ் கண்ட முறை. பால்காரரைக் கண்டு சீறும் நாயாயின், அது அமைதியாக இருக்கும் தொலைவில் அவரை நிற்கச் செய்து, நாய்க்குச் சிறு இறைச்சித் துண்டு கொடுக்க வேண்டும். அத்தொலைவைப் பல நாட்களில் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். நாய் உறுமினால், அவசரப்பட்டோம் என்று உணர்ந்து பின்வாங்க வேண்டும். சிறு குழந்தையை நாயுடன் தனியே விடலாகாது. உண்ணும் நாயை, உறங்கும் நாயைத் தொடக்கூடாது எனக் கற்பிக்க வேண்டும்.

பழகிய நாய் திடீரெனக் குணம் மாறி, எச்சில் ஒழுக, விழுங்க இயலாது தவித்தால் அது வெறிநோயாக இருக்கலாம், கிட்டே செல்லாதீர்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி தடவுவது தீங்கு. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைத்தல் மிக மிக அரிது. வளர்ப்பு நாய்க்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடுவது நம் கடமை.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது பழமொழி. வால் வளைந்தே இருக்கட்டும். அதன் அச்சத்தைப் போக்க நம்மால் முடியும். அதற்கு, அது உறுமும்போது தடியைத் தேடாமல் காரணத்தைத் தேடுவோமாக!