சாம்பலில் மடித்த விதை

அன்புள்ள கயல்,

சித்திரையில் வைத்த தக்காளிச் செடிகள் பூத்துப் பூத்துக் கொட்டிவிட்டன, எனக்குக் கைராசியே இல்லை என்று எழுதியிருந்தாய். கைராசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை அம்மா. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் இறங்காத நாட்களில் தக்காளிப் பூவின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூ இருக்கும், பிஞ்சு பிடிக்காது. அக்கினி நட்சத்திரத்தில் சென்னை மொட்டை மாடியில் யார் வைத்தாலும் இதுதான் கதி. அந்த மாதங்களை வெண்டைக்கும் கொத்தவரைக்கும் விட்டுவிடு, அவை வெயில் தாங்கும். உங்கள் ஊரில் தக்காளி பூத்துக் காய்க்கும் காலம் மார்கழி, தை, மாசி. அதற்கு இந்தப் புரட்டாசி முடிவதற்குள் நாற்று விட வேண்டும். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

உறைக்குள் ஒரு பொட்டலம் இருக்கும், பார். சாம்பலில் புரட்டிய விதை. உன் அப்பத்தா கொல்லையில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக வளர்த்த நாட்டுத் தக்காளி. பழத்தின் தோள்பக்கம் பச்சை மாறாது. உடம்பெல்லாம் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும், தோல் மெல்லிசு. பறித்த மூன்றாம் நாள் குழைந்துவிடும். லாரியில் ஏற்றிக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோக முடியாத பழம் என்பதால்தான் வியாபாரத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. பெட்டியில் அடுக்கினாலும் நசுங்காத கலப்பினங்கள் அந்த இடத்துக்கு வந்தன. அவற்றை நான் பழிக்கவில்லை, ஊருக்கெல்லாம் சோறு அவற்றால்தான். ஆனால் ரசத்துக்குப் புளியைப் பாதியாகக் குறைக்கலாம் என்கிற அந்தப் புளிப்பு அவற்றில் இல்லை. உன் செடிக்கும் அடுப்புக்கும் நடுவே இருபது படிதானே? அந்த இருபது படியைத் தாங்கினால் போதும் உன் பழத்துக்கு.

செடி வைக்கும் பை வாங்கும்போது 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்டதாக வாங்கு. ஒரு பைக்கு ஒரே செடி. இடம் இருக்கிறதே என்று இரண்டு நட்டால் இரண்டும் இளைத்துப்போகும். செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. நார்க் கழிவுக் கட்டியை ஊறவைத்து, கறுப்புத் தண்ணீர் வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்கு. அதில் உப்பு இருக்கும், இளம் வேரைக் கருக்கிவிடும். நனைந்த பை ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்குக் குறையாது. தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாகச் செங்கல் மேல் வை. வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்.

நாற்று ஒரு சாண் வந்ததும் பைக்கு மாற்று. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதிவரை மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடு. கத்தரிக்கும் மிளகாய்க்கும் இப்படிச் செய்யாதே. தக்காளிக்கு மட்டும் புதைந்த தண்டு முழுக்க வேர் விடும் குணம் உண்டு.

அப்புறம் தண்ணீர். பழத்தின் அடிப்பாகம் கறுத்து அழுகுகிறதென்றால் முட்டை ஓடு போடச் சொல்வார்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான் அது. ஆனால் பெரும்பாலும் அந்தச் சத்து மண்ணில் இருக்கும், மண் ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் குளமாக நிற்பதால் வேரால் அதை மேலே அனுப்ப முடியாமல் போகும். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வந்து இரண்டு நாள் தண்ணீரைச் சேர்த்து ஊற்றுகிறாயே, அதை நிறுத்து. காலையில் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பார், ஈரம் இல்லாவிட்டால் ஊற்று. அப்படியே பூங்கொத்துகளை விரலால் மெல்லச் சுண்டிவிடு. தக்காளிப் பூ அதிர்ந்தால்தான் மகரந்தம் உதிரும். காற்று ஓரளவு செய்துவிடும், ரீங்கரித்துப் பூவை உலுக்கும் கருவண்டும் செய்யும். மூன்றாம் மாடிக்கு வண்டு வருமா என்று காத்திருக்க வேண்டாம்.

இலை சுருண்டு மேல்நோக்கி மடங்கி, செடி குட்டையாக நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். மருந்து கிடையாது. மனம் கேட்காது, ஆனாலும் அன்றைக்கே பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்து. ஒன்றுக்காகத் தயங்கினால் மற்றவையும் போய்விடும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அப்பத்தா இறந்துபோன வருஷம் விதை எடுக்கும் நினைப்பே யாருக்கும் வரவில்லை. பழைய விதையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, போட்டேன், காய்த்தது. அந்தப் பழத்தில் எடுத்த விதையைச் சரியாகக் காயவிடாமல் டப்பாவில் அடைத்து வைத்தேன். பூஞ்சணம் பூத்து மொத்தமும் போயிற்று. இரண்டு வருஷம் நம் வீட்டில் அந்தத் தக்காளி இல்லை. அப்பத்தா எப்போதோ கொடுத்ததைப் பக்கத்து வீட்டு அக்கா விடாமல் போட்டுவந்ததால்தான் திரும்பக் கிடைத்தது. அவள் முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தபோது நான் அழுதுவிட்டேன்.

அதனால், நன்றாக வளர்ந்த செடியில் முதல் கொத்தில் திரண்ட பழம் ஒன்றுக்கு நூல் கட்டிவிடு. அதைச் சமையலுக்குத் தொடாதே. கனிந்து தொய்யும்வரை செடியிலேயே விட்டுப் பறி. சாற்றோடு விதையைக் கண்ணாடிக் குவளையில் பிழிந்து இரண்டு மூன்று நாள் மூடிவை. மேலே ஆடை கட்டி நாற்றம் வரும், பயப்படாதே. முளைப்பைத் தடுக்கும் வழுவழுப்புக் கரைவது அப்போதுதான். நீர் ஊற்றி அலசி, அடியில் தங்கிய விதையை மட்டும் தட்டில் பரப்பி நிழலில் ஒரு வாரம் உலர்த்து. காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். ஈரமில்லாத இடத்தில் நாலு வருஷம் கெடாது. தக்காளி பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே சூல்கொள்வதால் இந்த விதை இதே தக்காளியாகத்தான் வரும். கடைக் கலப்பினத்தில் எடுத்த விதை அப்படித் தாய் மாதிரி வராது. மிளகாயில் மட்டும் கவனம். வண்டும் தேனீயும் பக்கத்துச் செடி மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும், இரண்டு ரகம் வைத்திருந்தால் பூவை மெல்லிய துணியால் மூடித்தான் விதைக்கு விட வேண்டும். அதை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

பொட்டலத்தில் நாற்பது விதை இருக்கும். இப்போது பத்து மட்டும் போடு. மழை நேராக விழாதபடி மாடிப்படிக் கூரைக்குக் கீழே, வெளிச்சம் படும் இடத்தில் வை. மிச்சத்தைச் சாம்பலோடு அப்படியே மடித்து, மேலே வருஷத்தை எழுதிவை. முளைத்ததும் எத்தனை வந்தது என்று சொல். அக்காவும் கேட்டாள்.

அன்புடன்,
உன் அத்தை