ஃபர்லர் இறுகினால் கம்பியைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நண்பர்கள் மூவர் சேர்ந்து 22 அடி பாய்ப்படகு ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஓட்டிவருகிறோம். மற்ற நாட்களில் பாய்மரத்தை இறக்கி, படகை டிரெய்லரில் கரையோரமாகவே நிறுத்தியிருக்கிறோம். முன்பாயைச் சுருட்டும் ஃபர்லர் இந்த ஆண்டு ரொம்பவே இறுகிவிட்டது. கையால் இழுத்தால் பாதியில் நிற்கிறது, வின்ச்சில் கயிற்றைப் போட்டு இழுத்தால்தான் வருகிறது. டிரம்முக்குக் கீழே பழுப்புக் கறை வேறு. கிரீஸ் அடித்தால் சரியாகிவிடுமா? பாய்மரத்தின் முன்பக்க ஃபோர்ஸ்டே கம்பியையே மாற்ற வேண்டும் என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். அது தேவைதானா? தேவையென்றால் கம்பி சென்னையில் கிடைக்குமா?

– வாசகர், கோவளம்

பதில்: முதல் வேலையாக, வின்ச்சில் போட்டு இழுப்பதை நிறுத்துங்கள். ஃபர்லர் கையால் சுற்றும்படி செய்யப்பட்ட கருவி. கைக்கு வராவிட்டால் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள். அந்தத் தடை பாய்மர உச்சியில் இருந்தால், நீங்கள் வின்ச்சில் கொடுக்கும் பலமெல்லாம் ஃபோர்ஸ்டே கம்பியை முறுக்கிப் புரி பிரிக்கத்தான் பயன்படும்.

தடை எங்கே என்று கண்டுபிடிப்பது எளிது. காற்றில்லாத காலை நேரத்தில் முன்பாயை முழுக்க இறக்கிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றோ விட்டுவிட்டோ சுற்றினால் கோளாறு கீழ் பேரிங்கில். உப்பும் நம் கடற்கரை மணலும் சேர்ந்து செய்யும் வேலை அது. வழுக்கிக்கொண்டு சுற்றினால் கோளாறு மேலே.

மேலே பெரும்பாலும் நடப்பது இதுதான். முன்பாயை ஏற்றும் ஹேல்யார்டு, ஃபோர்ஸ்டேக்கு ஒட்டி இணையாக இறங்கினால், பாயின் தலைப்பைப் பிடித்துச் சுழலும் ஸ்விவல் சுற்றும்போது அதுவும் கூடவே சுற்றிக் கம்பியைப் பின்னிக்கொள்ளும். ஹேல்யார்டு ஏறத்தாழ 10 டிகிரியாவது விலகிப் பின்பக்கமாகப் போக வேண்டும். பழைய படகில் யாராவது நீளம் குறைந்த முன்பாயைப் போட்டிருந்தால், ஸ்விவல் உச்சிக்குப் போகாமல் கீழேயே நின்றுவிடும். அப்போது இந்தக் கோணம் கிடைக்காது. பாயின் தலைப்புக்கும் ஸ்விவலுக்கும் இடையே குறைகிற நீளத்துக்கு ஒரு துண்டுக் கம்பியோ நீளாத கயிறோ சேர்த்தால் ஸ்விவல் தன் இடத்துக்குப் போய்விடும். ஒருவர் சுருட்ட, இன்னொருவர் பைனாகுலரில் உச்சியைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். ஹேல்யார்டை அளவுக்கு மீறி இறுக்கினாலும் ஃபர்லர் இறுகும், அதையும் சற்றுத் தளர்த்திப் பாருங்கள்.

டிரம் கயிற்றையும் விட்டுவிடாதீர்கள். முதல் வழிகாட்டிக் கட்டையிலிருந்து கயிறு டிரம்முக்குச் செங்குத்தாக நுழைய வேண்டும். கோணலாக நுழைந்தால், கிணற்று ராட்டினத்தில் தடம் மாறிய கயிறு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கும். பாயை விரிக்கும்போது டிரம் கயிற்றைச் சும்மா விட்டுவிடாமல் கையில் லேசாகப் பிடித்தே விட்டால் சுற்றுகள் ஒழுங்காக விழும்.

இனி கிரீஸ். எல்லா ஃபர்லருக்கும் கிரீஸ் ஆகாது. ஹார்கன் போன்றவற்றில் இருக்கும் டார்லான் பிளாஸ்டிக் குண்டுகளுக்கு நல்ல தண்ணீர்தான் மருந்து. கிரீஸ் போட்டால் மணல் அதில் ஒட்டிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும். செல்டன் ஃபர்லெக்ஸ் போன்றவற்றுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸை ஆண்டுக்கொரு முறை போட வேண்டும். உங்களுடையது எது என்று டிரம்மில் உள்ள பெயரைப் பார்த்து, அதற்கான கையேட்டின்படி செய்யுங்கள். எதுவானாலும், ஒவ்வொரு முறை கரையேறியதும் டிரம்மையும் ஸ்விவலையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவதே பாதிப் பராமரிப்பு. மரத்தை இறக்கி வைப்பதால் உங்களுக்கு உச்சிப் பாகமும் கைக்கெட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இறுக்கமல்ல, அந்தப் பழுப்புக் கறை. ஃபர்லர் உள்ள படகில் ஃபோர்ஸ்டே முழுவதும் அலுமினியக் குழலுக்குள் மறைந்துவிடுகிறது. பாய்மரத்தை முன்பக்கம் பிடித்து நிறுத்தும் கம்பியே கண்ணுக்குத் தெரியாத கம்பியாகிவிடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு அதன் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலமே காரணம். அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். கம்பியின் முனையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்வேஜ் குப்பிக்குள் உப்புநீர் தேங்கினால் அங்கே காற்றோட்டம் கிடையாது. வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரிப்பு நடக்கும். நம் வெயில் அதை இன்னும் வேகப்படுத்தும். கடற்காற்றில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எப்படிப் பழுதாகிறது என்பது உங்களுக்குத் தெற்கே கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலேயே ஆராய்ச்சிப் பொருள்.

மரம் இறக்கியிருக்கும்போதே டிரம்மைக் கழற்றி, கம்பி குப்பிக்குள் நுழையும் இடத்தை மேல்முனையிலும் கீழ்முனையிலும் பாருங்கள். பழைய பனியன் துணியால் கம்பியைச் சுற்றிப் பிடித்து மெல்ல இழுங்கள். ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் நூலைப் பிடித்திழுக்கும். பிறகு லென்ஸ் வைத்துக் குப்பியை நீளவாக்கில் பாருங்கள். மயிரிழை போன்ற விரிசலோ, குப்பியில் வளைவோ தெரிந்தால் அந்தக் கம்பி முடிந்தது. மரத்தை ஏற்றி இறக்குகிறவர்கள், கம்பி முனையில் மடங்கி அசையும் இணைப்பான டாகிளையும், கம்பியை முடுக்கும் திருகான டர்ன்பக்கிளையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். டாகிள் மடங்காமல் சிக்கிய நிலையில் மரத்தைத் தூக்கினால் டர்ன்பக்கிளின் திருகு வளைந்துவிடும். இரண்டு முனையிலும் டாகிள் தாராளமாக அசைய வேண்டும். பிளவு ஊசிகளை ஒருமுறை கழற்றினால் புதிதாகவே போடுங்கள்.

இழை அறாமல் இருந்தால் மாற்ற வேண்டாமா? வெளிநாடுகளில் 10 ஆண்டை ஒட்டி மாற்றுவது பொதுவான வழக்கம். நம் கரையில் ஏழெட்டு ஆண்டே போதும் என்பேன். வயதே தெரியாத பழைய படகானால், தள்ளிப்போடாமல் இப்போதே மாற்றுங்கள். உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி.

கம்பி வாங்கும்போது எச்சரிக்கை. பாரிமுனைப் பக்கம் 'எஸ்.எஸ். வயர் ரோப்' என்று பொதுவாகக் கேட்டால், வளையும் தன்மையுள்ள 7×19 கம்பியைக் கொடுத்துவிடுவார்கள், அதுவும் 304 ரகமாக இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது 1×19 புரி, 316 ரகம். 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, உப்பைத் தாங்குவது அதனால்தான். காந்தம் வைத்துப் பார்ப்பதை நம்பாதீர்கள், இழுத்து நீட்டிய 316 கம்பியும் லேசாகக் காந்தத்தில் ஒட்டும். கடைக்காரரிடம் மாலிப்டினத்தைச் சோதிக்கும் மாலி திரவம் இருந்தால், ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரி வைத்து உங்கள் கண்முன்னே சோதிக்கச் சொல்லுங்கள். மில் சர்டிபிகேட்டும் கேளுங்கள். தடிமனைப் பழைய கம்பியில் வெர்னியர் வைத்து அளந்து, அதற்குக் குறையாமல் வாங்குங்கள். கீழ்முனைக்கு ஸ்டா-லாக் போன்ற, ஸ்பேனரால் முடுக்கும் டெர்மினல் போட்டால் எந்திரம் தேவையில்லை, பிறகு திறந்தும் பார்க்கலாம். யு-கிளிப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். கைப்பழக்கமுள்ளவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பினால், சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் விசாரியுங்கள்.

வேலையை மார்ச் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டுப் பட்டறைகளில் அப்போது விசைப்படகு வேலையே குவிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் தொடக்கத்தில், இன்னொரு முறை பாருங்கள். படகைத் தண்ணீரில் பாய்மரத்தோடு நிறுத்தும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: புயல் அறிவிப்பு வந்தால் சுருட்டிய முன்பாயை நம்பி விடாமல் முழுக்க இறக்கிவிடுங்கள். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது மணிக்கு 85 கி.மீ. வரை காற்று அடித்தது. அந்தக் காற்றில் சுருளின் ஒரு முனை பிரிந்தாலே போதும், பாய் படபடத்துக் கம்பியையும் மரத்தையும் சேர்த்து உலுக்கிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபோர்ஸ்டே அறுந்தால், உடனே காற்றைப் பின்னால் வாங்கும்படி படகைத் திருப்புங்கள். முன்பாயை இறக்காதீர்கள், மரத்தை அப்போது முன்னால் பிடித்திருப்பது அதுதான். மீதமுள்ள ஹேல்யார்டு ஒன்றை முகப்பில் மாட்டி இறுக்கிய பிறகே மற்றவை.

டிரம்மைக் கழற்றியதும் இரு முனைகளையும் படம் எடுத்து, ஃபர்லரின் பெயரோடு அனுப்புங்கள். எந்த டெர்மினல் பொருந்தும் என்று சொல்கிறேன். அதுவரை படகு கரையிலேயே நிற்கட்டும்.