தானே நின்று தானே தொடங்கும் கணினி



பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போதே கணினி திடீரென நின்று, தானாகவே மீண்டும் தொடங்குவதுண்டு. உடனே, "கணினி கெட்டுவிட்டது, புதியது வாங்க வேண்டும்" என்று முடிவு செய்தல் தகாது. நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருத்துவர் மருந்து கொடுக்கின்றார். அவ்வாறே குறையின் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணம் வீணாகாதிருக்க இதுவே வழி.

முதற் கடமை யாது? கணினி இயங்கும்போதே உங்கள் பாடங்களையும் படங்களையும் பென்டிரைவில் படியெடுத்து வையுங்கள். இயந்திரத்தை மீண்டும் வாங்கலாம். எழுதியவற்றை மீண்டும் பெறுதல் அரிது.

அடுத்து, கணினி எப்பொழுது நின்றது, தொடங்கி எத்தனை நிமிடங்களில் நின்றது, அப்பொழுது என்ன வேலை நடந்தது என்பவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இக்குறிப்பே காரணத்தைக் காட்டும். காரணங்கள் பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

1. வெப்பம்: கணினியின் மூளை போன்ற பகுதி செயலி எனப்படும். அது அளவு கடந்து சூடேறினால், கணினி தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். பல செயலிகளுக்கு இவ்வெல்லை ஏறத்தாழ 100 பாகை செல்சியசு ஆகும். விளையாட்டின்போது மட்டும் கணினி நின்றால் வெப்பத்தை ஐயுறுக. பிளக்கைக் கழற்றிய பின், விசிறியிலும் காற்றுத் துளைகளிலும் படிந்த தூசியைப் பெரியவர் துணையுடன் மெல்லிய தூரிகையால் நீக்குக. மடிக்கணினியை மெத்தையின்மேல் வைத்தல் கூடாது. காற்றுத் துளைகள் அடைபடும்.

2. மின்சாரம்: இஸ்திரிப் பெட்டியைப் போட்டவுடன் கணினி நின்றால் அல்லது கம்பியைத் தொட்டவுடன் நின்றால், குறை மின் இணைப்பில் இருக்கலாம். வேறு சுவிட்சில் இணைத்துப் பாருங்கள். கணினிக்குள் இருக்கும் மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறவாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும். அஃது உயிருக்கே ஆபத்தாகலாம்.

3. நினைவகம்: இச்சிறு பலகை தளர்ந்தாலும் பழுதுற்றாலும், கணினி குறித்த நேரமின்றி நிற்கும். விண்டோசிலேயே நினைவகத்தைச் சோதிக்கும் வசதி உண்டு.

4. மென்பொருள்: புதிதாகச் சேர்த்த மென்பொருளுக்குப் பின் குறை தோன்றினால் அதை நீக்கிப் பாருங்கள். பெரும்பிழை நேரும்போது விண்டோசு தானே மீண்டும் தொடங்குவதால், திரையில் தோன்றும் செய்தி விரைவில் மறைந்துவிடும். அமைப்புகளில் தானியங்கித் தொடக்கத்தை நிறுத்தினால், அச்செய்தி நிலைத்து நிற்கும். அதிலுள்ள குறியீட்டை எழுதிக்கொள்ளலாம்.

2024 ஆம் ஆண்டு சூலை 19 ஆம் நாள், பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோசுக் கணினிகள் செயலிழந்தன. அவ்வியந்திரங்கள் பழுதடையவில்லை, பிழையான கோப்பை நீக்கியதும் அவை மீண்டும் இயங்கின.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்யுங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றினால், எதனால் குறை தீர்ந்தது என்பது விளங்காது. குறை நீங்காவிடின், பழுது பார்ப்பவரிடம் உங்கள் குறிப்புத் தாளையும் கொடுங்கள். அவருடைய வேலை எளிதாகும். உங்கள் செலவும் குறையும்.

வினாக்கள்
1. எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது யாது?
2. மின்வழங்கிப் பெட்டியை ஏன் திறத்தல் கூடாது?
3. விளையாட்டின்போது மட்டும் நிற்கும் கணினியில் எதனை முதலில் ஆராய்வீர்கள்?