எஞ்சிய எண்ணெயும் எதிர்கால ஆற்றலும்

பின்வரும் கட்டுரையை வாசித்திடுக.

ஜொகூர் மாநிலத்தின் தென்கிழக்கு முனையில், கோத்தா திங்கி மாவட்டத்தில் பெங்கேராங் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் அங்குள்ள சுங்கை ரெங்கிட் நகரின் சிங்கி இறாலைச் சுவைப்பதற்காகவே வெளியூர் மக்கள் அங்குச் சென்று வந்தனர். இன்று பெங்கேராங் என்றதும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் உயர்ந்த கோபுரங்களே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. நாள் ஒன்றுக்கு 300,000 பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆற்றல் அந்த ஆலைக்கு உண்டு.

அந்த ஆலை எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் உலகம் வேறு திசையில் நடக்க முடிவெடுத்தது. 2015ஆம் ஆண்டு பாரிஸ் ஒப்பந்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2023ஆம் ஆண்டு துபாயில் கூடிய பருவநிலை மாநாட்டில், புதைபடிவ எரிபொருளிலிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. மலேசியாவும் 2050ஆம் ஆண்டிற்குள் நிகர சுழிய உமிழ்வை எட்ட உறுதி பூண்டுள்ளது. வெளியேற்றும் கரிம வாயுவின் அளவும் உறிஞ்சி அகற்றும் அளவும் சமமாகும் நிலையே நிகர சுழிய உமிழ்வு எனப்படும்.

எண்ணெய் எடுக்கும் நாடு ஒன்று எண்ணெயை விட்டு விலகவும் உறுதி கூறியுள்ளது. அப்படியானால், நம் நாட்டில் எஞ்சியுள்ள எண்ணெயை நாம் எவ்வாறு பயன்படுத்துவது?

மீரியில் தொடங்கிய வரலாறு

மலேசியாவின் எண்ணெய் வரலாறு சரவாக் மாநிலத்தின் மீரி நகரில் 1910ஆம் ஆண்டு தொடங்கியது. அங்குள்ள கனடா குன்றில் ஷெல் நிறுவனம் தோண்டிய முதல் கிணற்றை மக்கள் 'மூதாட்டி' என்று அன்போடு அழைத்தனர். 1972ஆம் ஆண்டு மூடப்படும்வரை, 62 ஆண்டுகளில் அக்கிணறு ஏறக்குறைய 650,000 பீப்பாய் எண்ணெயைத் தந்தது. பெங்கேராங் ஆலை முழு வேகத்தில் இயங்கினால், அந்த எண்ணெய் அதற்கு இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே போதும். நம் எரிபொருள் தேவை எவ்வளவு பெருகிவிட்டது என்பதை இந்த ஒப்பீடு உணர்த்துகிறது.

1973ஆம் ஆண்டு உலகை உலுக்கிய எண்ணெய் நெருக்கடிக்குப் பின், நாட்டின் எண்ணெய் வளம் நாட்டின் கையிலேயே இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1974ஆம் ஆண்டு பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, பெட்ரோனாஸ் நிறுவனம் உருவானது. திரங்கானு, சரவாக், சபா கடற்பகுதிகளில் எடுக்கப்பட்ட எண்ணெயும் எரிவாயுவும் பள்ளிகளாகவும் சாலைகளாகவும் மருத்துவமனைகளாகவும் மாறின. 2009ஆம் ஆண்டு, கூட்டரசு அரசாங்கத்தின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெய், எரிவாயுத் துறையிலிருந்தே கிடைத்தது.

அந்த வளம் என்றும் நிலைக்காது என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். 1980ஆம் ஆண்டு தேசியக் குறைப்புக் கொள்கை எண்ணெய் எடுக்கும் அளவுக்கு வரம்பு விதித்தது. 1981ஆம் ஆண்டு நான்கு எரிபொருள் கொள்கை, எண்ணெயை மட்டும் நம்பாமல் எரிவாயு, நீர்மின்சாரம், நிலக்கரி ஆகியவற்றையும் பயன்படுத்த வழிவகுத்தது. எண்ணெய் வருமானத்தின் ஒரு பகுதியை வருங்காலத் தலைமுறைக்குச் சேமிக்க 1988ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளை நிதி அமைக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஐந்தாம் எரிபொருளாகச் சேர்க்கப்பட்டது.

எடுப்பது ஓரிடம், எரிப்பது வேறிடம்

நம் கடலில் எடுக்கும் எண்ணெய்தான் நம் வாகனங்களில் எரிகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வளவு எளிதன்று. திரங்கானு கடற்பகுதியில் கிடைக்கும் தாப்பிஸ் வகை எண்ணெய் இலேசானது, கந்தகம் குறைந்தது. அதனால், உலகச் சந்தையில் அதற்கு நல்ல விலை உண்டு. அதில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்துவிட்டு, விலை குறைந்த கனமான எண்ணெயை இறக்குமதி செய்து சுத்திகரிப்பது வணிக வழக்கமாகும்.

பெங்கேராங் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 24 மீட்டர் ஆழமுள்ள அதன் கடற்பகுதியில் மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல்களும் நிற்க முடியும். சிங்கப்பூர் நீரிணை வழியாகச் செல்லும் முக்கியக் கடல்வழியும் அருகிலேயே உள்ளது. அங்குள்ள சுத்திகரிப்பு ஆலையைப் பெட்ரோனாசும் சவூதி அரேபியாவின் அராம்கோ நிறுவனமும் சரிபாதி உரிமையுடன் நடத்துகின்றன. ஆலைக்குத் தேவையான கச்சா எண்ணெயில் கணிசமான பகுதியை அராம்கோ வழங்குகிறது. ஆகவே, நாட்டின் எண்ணெய் உற்பத்தி குறைந்தாலும் பெங்கேராங் ஆலை இயங்கும். ஆனால், உலகம் எண்ணெய் வாங்குவதைக் குறைத்தால் அதுவும் பாதிக்கப்படும்.

உடனே நிறுத்த இயலுமா?

எண்ணெய் எடுப்பதை நாளையே நிறுத்திவிடலாம் என்று சிலர் கூறலாம். ஆனால், எண்ணெய் வெறும் எரிபொருள் மட்டுமன்று. மருந்து, ஊசிக்குழாய், செயற்கை நூலிழை, சாயம், குழாய், கைப்பேசியின் உறை எனப் பலவற்றிற்கும் அது மூலப்பொருள். கப்பலையும் விமானத்தையும் நெடுந்தூரம் மின்கலத்தால் மட்டுமே இயக்குவது இன்னும் எளிதாகவில்லை. உள்நாட்டு உற்பத்தியை நிறுத்திவிட்டுத் தேவையைக் குறைக்காமல் இருந்தால், அதே எண்ணெயை வெளிநாட்டிலிருந்து வாங்குவோம். அப்போது புகை குறையாது. செலவு மட்டுமே கூடும்.

2023ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம் இந்த உண்மையைக் காட்டுகிறது. 2050ஆம் ஆண்டில் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. எனினும், மின்சாரம் என்பது நாம் பயன்படுத்தும் ஆற்றலின் ஒரு பகுதியே. லாரியின் டீசல், சமையல் எரிவாயு, ஆலைகளின் கொதிகலன் என அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2050ஆம் ஆண்டில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு 23 விழுக்காடு மட்டுமே. இயற்கை எரிவாயு பாதிக்கு மேல் இருக்கும். இவ்விரு அளவுகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது.

மேலும், சூரிய ஒளித் தகடு பகலில் மட்டுமே மின்சாரம் தரும். குளாய் மாவட்டத்தின் செடெனாக் முதலிய இடங்களில் பெருகிவரும் தரவு மையங்களுக்கோ 24 மணி நேரமும் மின்சாரம் தேவை. மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய மின்கலங்களும் வலுவான மின்தொடரும் அமையும்வரை எரிவாயு ஒரு பாலமாக இருக்க வேண்டியுள்ளது.

தள்ளிப்போட இயலுமா?

அதனால், மாற்றத்தை மெதுவாகவே செய்யலாம் என்று கருதுவதும் தவறாகும். முதலாவதாக, எளிதில் கிடைத்த எண்ணெய் குறைந்து வருகிறது. மலேசியாவின் எண்ணெய் உற்பத்தி 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் இறங்கத் தொடங்கியது. 2007ஆம் ஆண்டு எண்ணெய் தரத் தொடங்கிய சபாவின் கிக்கே வயல், ஏறக்குறைய 1,300 மீட்டர் ஆழமுள்ள கடலில் உள்ளது. ஆழம் கூடக்கூடச் செலவும் ஆபத்தும் கூடுகின்றன.

இரண்டாவதாக, பருவநிலை காத்திருப்பதில்லை. 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கோத்தா திங்கி நகரம் இருமுறை வெள்ளத்தில் மூழ்கியது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பத்து பகாட், சிகாமாட் முதலிய மாவட்டங்களில் பல்லாயிரம் மக்கள் துயர்துடைப்பு மையங்களில் தங்கினர். ஒரு வெள்ளத்திற்கு ஒரே காரணத்தைச் சுட்டிவிட முடியாது. ஆயினும், வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது அறிவியல் உண்மை. அந்த நீராவி பெருமழையாகக் கொட்டும் வாய்ப்பு அதனால் கூடுகிறது.

மூன்றாவதாக, எண்ணெய்த் தொழிலின் விலையைச் சிலர் ஏற்கெனவே செலுத்தியுள்ளனர். பெங்கேராங் திட்டத்திற்காகச் சில கடலோரக் கிராமங்களின் மக்கள் தாமான் பாயு டாமாய் குடியிருப்புக்கு இடம்பெயர்ந்தனர். கடலை நம்பி வாழ்ந்தோர் கடற்கரையை விட்டுப் பிரிந்தனர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆலையில் ஏற்பட்ட தீ விபத்தில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாட்டின் வருமானத்தைக் கணக்கிடும்போது இவற்றையும் கணக்கில் சேர்ப்பதே நேர்மையாகும்.

ஆலைக்குள் பிறக்கும் புதிய எரிபொருள்

பெங்கேராங்கிலேயே மாற்றத்தின் ஒரு தொடக்கத்தையும் காணலாம். பெட்ரோனாஸ், இத்தாலியின் எனிலைவ், ஜப்பானின் யூக்ளினா ஆகிய மூன்று நிறுவனங்களும் அங்கு உயிர்மச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றை அமைக்க 2024ஆம் ஆண்டு முடிவெடுத்தன. 2028ஆம் ஆண்டிற்குள் இயங்கத் திட்டமிடப்பட்டுள்ள அவ்வாலை, ஆண்டுக்கு 650,000 டன் மூலப்பொருளைப் பதப்படுத்தும். பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு, செம்பனை ஆலைக் கழிவு போன்றவற்றிலிருந்து விமான எரிபொருளும் டீசலும் அங்குத் தயாராகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பயன்படுத்திய எண்ணெய் போதாமல், அதற்காகக் காட்டை அழித்துப் புதிய செம்பனை நட்டால் நன்மையைவிடத் தீமையே மிகும். ஆகவே, மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதைச் சரிபார்ப்பது தொழில்நுட்பத்தைப் போலவே முக்கியமானது.

தோட்டப்புறம் தரும் பாடம்

ஒரு தொழில் மறைந்து மற்றொன்று எழும்போது தொழிலாளர்களின் நிலை என்னவாகும்? இதற்கு விடை காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஜொகூர்த் தமிழரின் தோட்டப்புற வரலாறே போதும்.

ரப்பர் விலை சரிந்தபோது, 1960ஆம் ஆண்டுகள் தொடங்கிப் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனைக்கு ரப்பரைக் காட்டிலும் குறைவான தொழிலாளர்களே தேவைப்பட்டனர். பின்னர், நகரங்கள் விரிந்தபோது பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்ட வீடு வேலையோடு சேர்ந்தே கிடைத்தது. எனவே, வேலை போனதும் வீடும் போனது. பால்மரம் சீவுவதில் தேர்ந்த கைகளுக்கு வேறு தொழில் கற்றுத்தர அன்று போதிய ஏற்பாடு இல்லை. நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. அந்நிலத்தில் உழைத்தவரின் வாழ்வு அதற்கேற்ப உயரவில்லை.

எண்ணெய்த் துறையில் இன்று பணிபுரிவோருக்கு அதே நிலை நேரக் கூடாது. நல்ல வேளையாக, அவர்களின் திறன்களில் பல புதிய துறைகளுக்கும் பொருந்தும். உயரழுத்தக் குழாய்களைப் பற்றவைப்பவர், கட்டுப்பாட்டு அறையை இயக்குபவர், பாதுகாப்பு அதிகாரி ஆகியோர் உயிர்ம எரிபொருள், ஹைட்ரஜன் ஆலைகளுக்கும் தேவைப்படுவர். மின்பணியாளர் சூரிய ஆற்றல் துறைக்கு எளிதில் மாறலாம். ஆனால், பயிற்சி வேலை போன பிறகு வழங்கப்படுவதாக இருக்கக் கூடாது. வேலை இருக்கும்போதே தொடங்க வேண்டும். அதற்கான செலவை எண்ணெய் வருமானம் தரும் காலம் இதுவே.

விதைநெல்

உழவர் அறுவடை முழுவதையும் சமைத்து உண்பதில்லை. அடுத்த பருவத்திற்கென விதைநெல்லை எடுத்து வைப்பர். பஞ்ச காலத்திலும் அதைக் காப்பர். நம் கடலுக்கடியில் எஞ்சியுள்ள எண்ணெயும் அத்தகையதே. அதை மலிவான பெட்ரோலாக எரித்துத் தீர்ப்பது விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோது பலர் சிரமப்பட்டனர். பொதுவான உதவித்தொகையைக் குறைத்துத் தேவைப்படுவோருக்கு மட்டும் வழங்குவதே அரசின் நோக்கமாகும். மிச்சமாகும் பணம் மின்தொடருக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் தொழிற்பயிற்சிக்கும் சென்றால்தான் மக்கள் தாங்கிய சிரமத்திற்குப் பொருள் உண்டு.

இன்று இடைநிலைப்பள்ளியில் பயிலும் மாணவர்கள் 2050ஆம் ஆண்டில் ஏறக்குறைய நாற்பது வயதில் இருப்பர். நாடு தன் இலக்கை எட்டியதா, இல்லையா என்பதை நேரில் காண்போரும் அதன் பலனையோ சுமையையோ ஏற்போரும் அவர்களே. ஆகவே, எண்ணெயை எவ்வளவு எடுக்கிறோம் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அந்த வருமானத்தைக் கொண்டு எதை உருவாக்குகிறோம் என்றும் அவர்கள் கேட்க வேண்டும்.

சிந்தித்து விடை தருக

1. தாப்பிஸ் எண்ணெய் பெரும்பாலும் ஏற்றுமதி செய்யப்படுவதற்கான காரணம் யாது?
2. '70 விழுக்காடு', '23 விழுக்காடு' ஆகிய இரு அளவுகளும் எவற்றைக் குறிக்கின்றன? அவற்றிற்கிடையிலான வேறுபாட்டை விளக்குக.
3. உள்நாட்டு எண்ணெய் உற்பத்தியை உடனே நிறுத்துவதால் புகை குறையாது என்று கட்டுரையாளர் கருதுவது ஏன்?
4. தோட்டப்புற மாற்றத்திற்கும் எண்ணெய்த் துறையின் மாற்றத்திற்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக.
5. எஞ்சிய எண்ணெயை விதைநெல்லுக்கு ஒப்பிடுவது பொருத்தமானதா? உமது கருத்தைத் தக்க காரணங்களுடன் கலந்துரையாடுக.