கடலடிக் கப்பலும் தரங்கம்பாடித் துணியும்

தேவதானப்பட்டியில் மலையைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கடலும் அதில் முழுகிய கப்பல்களும் தொலைவிலுள்ள செய்திகளே. ஆயினும் ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியின் தறியோசையை நம்மிற் பலர் கேட்டிருப்போம். அந்தப் பருத்தி நூலைப் பற்றிக்கொண்டே இவ்விஷயத்துட் புகுவோம்.

1620-ம் ஆண்டு முதல் 1845-ம் ஆண்டு வரை சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடி டென்மார்க் தேசத்தார் வசம் இருந்தது. அங்கிருந்து பருத்தித் துணிப் பொதிகள் கோபன்ஹேகன் நகரை அடைந்தன. இந்தியாவிலிருந்து இவ்வாறு வந்த துணிகளுள் ஒரு பகுதி மீண்டும் கப்பலேறி ஆப்பிரிக்காவின் பொற்கரைக்குச் சென்றது. அங்கே அதற்கு ஈடாகப் பெறப்பட்டவை தங்கமும் தந்தமும் மட்டுமல்ல. மனிதரும் அவ்வாறே பெறப்பட்டனர்.

இவ்வியாபாரத்தில் ஈடுபட்ட 'பிரெடென்ஸ்போர்க்' என்னும் டேனிஷ் கப்பல், 1768-ம் ஆண்டில் பொற்கரையில் 265 அடிமைகளை ஏற்றி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றது. அவருட் சிலர் நடுக்கடலிலேயே மாண்டனர். எஞ்சியோரை இறக்கிவிட்டுச் சர்க்கரை முதலியவற்றுடன் திரும்புகையில், அவ்வாண்டு டிசம்பர் 1-ந் தேதி, நார்வேக் கரையில் ஆரெண்டால் நகருக்கருகே அக்கப்பல் உடைந்தது. 1974-ம் ஆண்டில் முக்குளிப்போர் அதன் சிதைவைக் கண்டனர். யானைத் தந்தங்களும், சாயமரமும், புகைபிடிக்கும் களிமண் குழாய்களும் வெளிவந்தன. யானையின் பல்லைக் காத்து வைத்த கடல் மனிதனின் பெயரைக் காக்கவில்லை!

பிளாரிடாக் கரையருகே 1700-ம் ஆண்டில் முழுகிய 'ஹென்ரியெட்டா மேரி' என்னும் ஆங்கிலக் கப்பலோ இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றது. அதனுள் எண்பதுக்கு மேற்பட்ட இரும்பு விலங்குகள் கிடைத்தன; அவற்றுட் சில சிறுவர் கைக்கே பொருந்துமளவு சிறியவை. ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகளும் கிடைத்தன. விலங்கு கொடுமையைக் காட்டுகிறது. மணி அதற்குக் கொடுத்த விலையைக் காட்டுகிறது.

ஆனால் அவ்விலையிற் பெரும்பகுதி துணியாகவே கொடுக்கப்பட்டது. துணியோ உப்புநீரில் மக்கிப்போம், சர்க்கரை கரைந்துபோம். ஆதலின் கடலடிப் பொருள்களை மட்டும் நோக்குவோர், இக்கதையில் இந்திய நெசவாளர்க்கு இடமே இல்லையென்று எண்ணக்கூடும். கப்பற் கணக்குகளையும் உடன்வைத்துப் படித்தாலன்றி அப்பிழை நீங்காது. தறியில் அமர்ந்தவன் தன் துணி எங்கே, எதற்கு விலையாகுமென்று அறிந்திருக்க வழியில்லை. பொதியை எண்ணி ஏற்றிய வர்த்தகரைப் பற்றி அங்ஙனஞ் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

டென்மார்க் அரசு 1792-ம் ஆண்டில் அடிமைக் கப்பல் வியாபாரத்தைத் தடுத்துச் சட்டமியற்றி, 1803-ம் ஆண்டிலேதான் அதை நடைமுறைப்படுத்திற்று. தரங்கம்பாடிக்குச் செல்லும் மாணவர், டேனிஷ் கோட்டையைச் சுற்றிப் பார்த்தபின் சற்றே கடற்கரையிலும் நிற்பாராக. அங்கிருந்துதான் அப்பொதிகள் கப்பலுக்குச் சென்றன.